இரண்டு கூஜாக்களும் ஒரு ஜோடிக் கையும்

அந்தப் பொடி வந்த நாளிலிருந்து கடைவீதியில் வியாதிக்கு வேலையில்லாமல் போய்விட்டது. சர்க்கரையா? பொடி. மூட்டு வலியா? பொடி. முடி கொட்டுகிறதா? பொடி. முடி கொட்டிய தலைக்குள் மறதியா? அதற்கும் அதே பொடிதான். மாமியாரின் கோபம் ஒன்றுக்குத்தான் இன்னும் பரீட்சை நடக்கவில்லை.

டைல்ஸ் கடை மாடியிலுள்ள கூடத்தில் தினமும் நான்கு மணிக்கு அமுத வைத்தியர் எழுந்தருளுவார். மூன்று மணிக்கே படிக்கட்டில் வரிசை நிற்கும். பேக்கரிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பஸ் கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்தார். உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கூட விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். படித்தவர்கள் வந்தால்தானே கூட்டத்துக்கு ஒரு களை!

"சுக்கு! மிளகு! சீரகம்! வெந்தயம்! ஏலக்காய்! அதிமதுரம்!" என்று வைத்தியர் மைக்கில் ஒவ்வொன்றாக முழங்குவார். ஏதோ ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்த சரக்கைப்போலச் சனங்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவ்வளவும் அவரவர் வீட்டு அடுக்களை டப்பாவில் இருக்கிற சாமான்தான். டப்பாவில் இருந்தால் மசாலா, மைக்கில் வந்தால் மருந்து.

"உங்க உடம்புல விஷம் இருக்கா இல்லையான்னு நான் சொல்லமாட்டேன். மஞ்சள் சொல்லும்!"

மஞ்சள் எப்படிச் சொல்லும்? புதிதாக வந்தவரின் உள்ளங்கையில் மஞ்சள்தூளைத் தேய்ப்பார். வைத்தியரின் மச்சான் வெள்ளைக் கூஜாவிலிருந்து 'மூலிகைத் தண்ணீர்' ஊற்றுவார். கை சிவந்துவிடும். கூட்டம் "ஐயோ!" என்று அலறும். "பார்த்தீங்களா விஷத்தை!" என்பார் வைத்தியர். நாற்பது நாள் பொடி தின்றுவிட்டு வருகிறவருக்கும் அதே மஞ்சள்தான். தண்ணீர் மட்டும் நீலக் கூஜாவிலிருந்து வரும். கை மஞ்சளாகவே இருக்கும். உடனே கைதட்டல்.

எதற்கு இரண்டு கூஜா என்று ஒருவரும் கேட்கவில்லை. பால்காரர் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தால் தெருவையே கூட்டிவிடுகிற மகா புத்திசாலிகள்தான் அத்தனை பேரும்.

வீதி முனையில் சலவைக்கடை வைத்திருந்த லாண்டரிக்காரம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவளுடைய சொந்த அக்கா, நாலு கடை தள்ளித் தையல் மிஷின் போட்டிருக்கிறவள், மேடையேறி மஞ்சள் கையைத் தூக்கிக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டாள். அன்றைக்கே சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

"அக்கா, மாத்திரை போட்டியா?"

"எதுக்குடி? அதான் குணமாயிடுச்சே. நீயும் பார்த்தேல்ல, கை எப்படி மஞ்சளா பளபளன்னு இருந்துச்சு!"

"கை மஞ்சளா இருக்கு, சரி. கால் ஏன் கறுத்துக் கிடக்கு?"

மிஷின் பெடலில் இருந்த வலது காலை அக்கா வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கத்தரிக்கோல் விழுந்து பெருவிரலில் பட்ட காயம் அது. மூன்று வாரமாக ஆறவில்லை.

"அது விஷம் கீழ் வழியா இறங்குதாம். வைத்தியரே சொன்னார்."

"இறங்கி எங்க போகுதாம், பஸ் ஸ்டாண்டுக்கா?"

"கிண்டல் பண்ணாதே. ஏன், மஞ்சளும் வெந்தயமும் உடம்புக்கு ஆகாதுங்கறியா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? நானும்தான் சமையல்ல போடறேன். தொண்டை கட்டினா இஞ்சி தட்டி டீ குடிக்கிறேன், இதமாத்தான் இருக்கு. ஆனா எந்த இஞ்சியும் என்கிட்ட வந்து, 'அம்மா, டாக்டர் குடுத்த மாத்திரையைத் தூக்கிப் போடு'ன்னு சொன்னதில்லை."

"உனக்குப் பொறாமைடி. ஊரே எனக்குக் கை தட்டிச்சுன்னு."

"விரலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னா, தட்டின கையில இருந்து ஒரு விரல் யாராவது கழட்டிக் குடுப்பாங்களா?"

தங்கையின் பேச்சு காதில் விழாத அளவுக்கு அக்கா மிஷினை வேகமாக மிதித்தாள், இடது காலால் மட்டும்.

மறுநாள் காலையில் வைத்தியரின் மச்சான் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து சலவைக்கடை வாசலில் போட்டார்.

"மாடிக் கூடத்துத் துண்டுங்க. பார்த்து வெளுங்கம்மா, எல்லாம் விஷம் துடைச்ச துண்டு."

அவர் போன பிறகு லாண்டரிக்காரம்மா மூட்டையை அவிழ்த்தாள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொன்றையும் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல நீங்க சோடா கீடா போட்டீங்களா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான் புருஷன். "மூட்டையே இப்பதான் அவிழ்க்கிறே. அதுக்குள்ள சோடா எப்படிப் போடறது?"

"அப்புறம் எப்படி மஞ்சக் கறை சிவந்து வந்திருக்கு?"

இருபத்திரண்டு வருடமாக ஹோட்டல் மேஜைவிரிப்புகளை வெளுக்கிறவள் அவள். மஞ்சள் கறை கடைக்கு வரும்போது மஞ்சளாகத்தான் வரும். சலவைச் சோடாவில் முக்கினால்தான் சிவக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் அதை ரத்தமென்று பயந்து, ஒரு ஹோட்டல்காரரிடம் "உங்க கடையில என்னய்யா நடக்குது?" என்று சண்டைக்குப் போய் அவமானப்பட்டவள். கடைசி அலசலில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இது அவள் கைக்குத் தெரிந்த கணக்கு. இந்தத் துண்டுகளோ சோடாவைப் பார்ப்பதற்கு முன்பே சிவந்து வந்திருந்தன.

அரை எலுமிச்சம்பழத்தை ஒரு துண்டின் மேல் பிழிந்தாள். சிவப்பு ஓடி மஞ்சள் வந்தது.

"நமக்கு முன்னாடியே யாரோ வெளுக்க ஆரம்பிச்சிருக்காங்க."

"துண்டையா?"

"சனங்களை."

"அப்போ போலீஸ்ல சொல்லிடலாம்."

"இன்ஸ்பெக்டர் நேத்துதான் வரிசையில நின்னு கையை நீட்டிட்டுப் போயிருக்கார். நீங்க இஸ்திரி போடுங்க."

அன்று நான்கு மணிக்கு லாண்டரிக்காரம்மா புதிய நோயாளியாக மேடையேறினாள். முதல் வரிசையில் இருந்த அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தங்கைக்கு ஒருவழியாக நல்ல புத்தி வந்துவிட்டதாம்!

வைத்தியர் மஞ்சள் டப்பாவைத் திறந்தார். அவள் வெளுத்து மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் விரித்தாள்.

"ஐயா, இதுமேல தேய்ங்க."

கூட்டத்தின் முன்னால் மறுக்க முடியவில்லை. தேய்த்தார். மச்சான் வெள்ளைக் கூஜாவைச் சாய்த்தார். துண்டு சிவந்தது.

"துண்டுக்கு என்ன வியாதிங்க ஐயா? அதுவும் நாற்பது நாள் பொடி தின்னணுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் வைத்தியர் நேற்றுப் பிறந்தவரா என்ன?

"அம்மா! உன் கையில இருக்கிற விஷம் எவ்வளவு கொடூரம்னா, துணியைத் துளைச்சுக்கிட்டு மேல வருது!"

கூடமே அதிரக் கைதட்டல். சிரித்த இரண்டு பேரும் சேர்ந்து தட்டினார்கள்.

அவள் விடவில்லை. வைத்தியரின் விரல்களில்தான் மஞ்சள் அப்பியிருந்ததே. மச்சான் கையிலிருந்த கூஜாவைத் தட்டிப் பறித்து அந்த விரல்களின் மேலேயே ஊற்றினாள். வைத்தியரின் கையும் சிவந்தது.

"இப்போ உங்களுக்கும் விஷமா?"

வைத்தியர் சிவந்த கையை மெல்ல உயர்த்தினார். குரல் தழுதழுத்தது. "ஆமாம்மா. ஆயிரம் பேரோட விஷத்தை இந்த ஒரு உடம்புல வாங்கி வெச்சிருக்கேன். யாருக்குத் தெரியும் என் வேதனை?"

பேக்கரிக்காரர் தேம்பி அழுதார். "தியாகிங்க! தியாகி!" என்று யாரோ கத்தினார்கள். பகுத்தறிவை மாடிப்படியிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்த கூட்டத்தை எதைக் கொண்டு எழுப்புவது?

எழுப்பியது அக்காதான். அவளுக்குத் தாங்கவில்லை. நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்துவிட்டாள்.

"மானத்தை வாங்காதேடி! ஐயா, என் கையில தேய்ங்க. குணமான கை எப்படி இருக்கும்னு இவ பார்க்கட்டும்."

வைத்தியர் அவளுடைய இரண்டு கையிலும் தாராளமாகத் தேய்த்தார். மச்சான் நீலக் கூஜாவை எடுத்தார்.

"அது இடது கைக்கு. வலது கைக்கு இந்த வெள்ளைக் கூஜா" என்றாள் லாண்டரிக்காரம்மா.

"கூடாது, கூடாது! அது புதுசா வர்றவங்களுக்கு."

"குணமான கைக்கு எந்தத் தண்ணி பட்டா என்னங்க?"

"மூலிகையோட சாஸ்திரம் உனக்குத் தெரியாதும்மா. கூடாதுன்னா கூடாது."

அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஊத்தட்டும் ஐயா! எனக்கென்ன பயம்? உங்க பொடி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு." இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

இடது கையில் நீலக் கூஜா. மஞ்சள். வலது கையில் வெள்ளைக் கூஜா. சிவப்பு.

தட்ட உயர்ந்த கைகள் பாதியிலேயே நின்றன. அக்கா ஒரு கையைப் பார்த்தாள். மறு கையைப் பார்த்தாள். பிறகு வைத்தியரைப் பார்த்தாள்.

"ஐயா, நான் ஒருத்திதானே?"

"அது வந்தும்மா, வலது பக்கம் பித்தம், இடது பக்கம் வந்து..."

"ஒரே உடம்புதானே ஐயா? ஒரே ரத்தம்தானே?"

லாண்டரிக்காரம்மா இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, அரிந்து, ஒரு பாதியை அக்காவின் சிவந்த கையில் பிழிந்தாள். கை மஞ்சளானது. "நாற்பது நாள் வேலை. அரைப்பழத்துல முடிஞ்சுது. இந்த வெள்ளைக் கூஜாவுல இருக்கிறது நான் தினமும் துணி முக்குற சலவைச் சோடாங்க. வேணுங்கிறவங்க தொட்டுப் பாருங்க."

கண்டக்டர் வெள்ளைக் கூஜாவில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "ஆமாங்க, வழுவழுன்னு இருக்கு!"

மூன்றாவது வரிசையில் வேதியியல் ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "காரம் பட்டா மஞ்சள் சிவக்கும். அமிலம் பட்டா பழையபடி மஞ்சளாகும். நான் வருஷாவருஷம் நடத்துற பாடம்தான்."

"தெரிஞ்சுமா சார் வரிசையில நின்னீங்க?" என்றாள் லாண்டரிக்காரம்மா.

"அது பரீட்சைக்கு. இது உடம்புக்கு இல்லையா?"

இந்த மேதாவியைக் கூட்டம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வைத்தியரும் மச்சானும் பின்படியில் இறங்கி ஓடினார்கள். ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் இருவர் காலிலும் மூட்டு வலி சுத்தமாக இல்லை.

ஆறு மணிக்கு டாக்டர் அக்காவின் விரலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும். இப்பவும் பத்து நாள் பார்த்துட்டுத்தான் சொல்வேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

அக்கா தரையைப் பார்த்தாள். "மஞ்சள், டாக்டர்."

"யாரு?"

"எழுதிக் குடுங்க டாக்டர், இன்னிக்கே போட்டுடறேன்" என்றாள் அக்கா. மறு கேள்வி வருவதற்குள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் மாடிக் கூடத்துக் கூட்டத்தில் பாதி உட்கார்ந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் எழுந்து லாண்டரிக்காரம்மாவின் பக்கம் ஒதுங்கி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பழத்துல மீதிப் பாதி இருக்குங்களா? எனக்கு இந்த முட்டி வலி..."

பக்கத்தில் இன்னும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"இருக்கு" என்றாள் அவள். "முட்டியில தேய்ச்சா முட்டி புளிக்கும், அவ்வளவுதான். கழுத்துக்கு மேல ஒண்ணை இத்தனை வருஷமா சும்மா சுமந்துக்கிட்டுத் திரியறீங்களே, முதல்ல அதைக் கொஞ்சம் கசக்குங்க. என்ன, அதுக்கு யாரும் மேடையில ஏத்திக் கை தட்டமாட்டாங்க!"