இரண்டு கோல் வித்தியாசம்

மூன்று மைத்துனர்களையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். சாலமன் தீவுகளின் தலைநகரான எங்கள் ஹோனியாராவில் இப்படி ஒரு முடிவுக்கு வந்த முதல் புருஷன் நான்தான். மற்றவர்களுக்குப் புத்தி இருந்தது.

மலைட்டாத் தீவுக்காரியைக் கட்டியவனுக்குக் கால்பந்துக் கோப்பை என்பது விளையாட்டு இல்லை. படையெடுப்பு. தீவு நாடுகளின் கோப்பை எங்கள் ஊரில் நடக்கப்போகிறது என்று ரேடியோவில் சொன்ன வாரமே, என் மனைவி டோர்கஸின் அண்ணன் ரமோ இரண்டு தம்பிகளோடு வந்து இறங்கிவிட்டார். போட்டி தொடங்க மூன்று மாதம் இருந்தது. என் கட்டில் ரமோவுக்குப் போயிற்று. கூடம் தம்பிகளுக்குப் போயிற்று. நான் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, பன்றிக்குப் பக்கத்தில் படுத்தேன். பன்றி முதலில் முறைத்தது. பிறகு என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டுக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

போங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன? சொல்ல முடியாது. எங்கள் தீவுகளில் மைத்துனனைக் குறிக்கும் சொல்லுக்கே தொடக்கூடாதது என்று பொருள். அவன் மனம் கோணினால் அவன் ஆட்கள் திரண்டு வந்து ஈடு கேட்பார்கள். அதனால், கோப்பை தொடங்கியதும் நான் பெண்டாட்டியிடம் போனேன். அவள் சாலையோரம் பாக்குக் கடை வைத்திருக்கிறாள். கோப்பைக் காலத்தில் அதுவே பந்தயக் கடை. யார் ஜெயிப்பார்கள் என்று பாக்கை வைத்துப் பாக்கை வாங்கிப் போவார்கள்.

"உன் அண்ணன் தம்பியெல்லாம் எப்ப ஊருக்குப் போறாங்க?"

"கோப்பை முடியட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் கிறிஸ்துமஸ் வருதே. பண்டிகை நாள்ல யாராவது கிளம்புவாங்களா?"

"ஒரு பந்தயம் வைப்போமா?"

டோர்கஸ் ஒரு பாக்கைக் கடித்து உடைத்தாள். அவள் கண் கொஞ்சம் பளிச்சென்றது. நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு நியூசிலாந்து ஜெயிச்சா உன் கடைசித் தம்பி ஊருக்குப் போகணும். தோத்தா ஒரு வாரம் நான் தண்ணி சுமக்கிறேன்."

"சரி," என்றாள், பேரம்கூடப் பேசாமல்.

நியூசிலாந்துக்காரர்கள் ஏழு கோல் போட்டார்கள். எதிரணிக்குப் பந்தின் நிறம்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. டோர்கஸ் வாக்குத் தவறவில்லை. அம்மாவுக்கு விறகு வெட்ட ஆளில்லை என்று சொல்லிக் கடைசித் தம்பியைக் கப்பலேற்றினாள். நான் துறைமுகம் வரை போய், கப்பல் கண்ணுக்கு மறையும்வரை கையாட்டினேன். பாசம் இல்லை, சந்தேகம்.

அரையிறுதி வந்தது. நடுத் தம்பிக்கு அதே ஒரு வாரத் தண்ணீரை நீட்டினேன்.

"அது பழைய விலை," என்றாள் டோர்கஸ்.

"என்னது, விலையா?"

"ஏழு கோல் போட்டவன் பேர்ல இப்ப ஊரே வைக்குது. முந்தி நாலு பாக்கு வெச்சவனுக்கு மேல ஒரு பாக்கு குடுத்தேன். இப்ப பத்து வெச்சாதான் ஒண்ணு. அவன் அடிக்க அடிக்க நீங்கதான் கூட வெக்கணும். ஒரு வருஷத் தண்ணி."

"நாலு பத்தானா, வாரம் எப்படிடி வருஷமாகும்?"

"இந்தத் தம்பி எடை ஜாஸ்தி."

வைத்தேன். ஐந்து கோல். நடுத் தம்பியும் போனான். கூடம் காலியாயிற்று. மிச்சம் ரமோ ஒருவர்தான், என் கட்டிலில். இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தோடு மோதப்போவது யார் என்று பார்த்தால், எங்கள் சாலமன் தீவுகளேதான்!

"நியூசிலாந்து ஜெயிக்கும்," என்றேன் கிசுகிசுப்பாக.

"அதுக்கு நான் பந்தயமே எடுக்கல. காலையில சூரியன் வரும்னு யாராவது பந்தயம் எடுப்பாங்களா? ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும். அப்ப அண்ணன் போவார்."

"இல்லேன்னா?"

"உங்க படகு அண்ணனுக்கு."

ஆறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய படகு அது. சனிக்கிழமை தோறும் தூண்டிலோடு கடலுக்குள் போய்விடுவேன். உலகத்திலேயே என்னை யாரும் வேலை ஏவாத இடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் பன்றியும் நானும்தான்.

"நம்ம நாடு தோக்கணும்னு நான் எப்படி..."

"மனசுக்குள்ள வேண்டிக்கோங்க, யாருக்குத் தெரியும்? டிக்கெட் நானே வாங்கிட்டேன். அண்ணன் பக்கத்துலயே உக்காருங்க, அதுதான் மரியாதை."

மைதானத்து மலைச்சரிவில் ஈ நுழைய இடமில்லை. ரமோ என் இரண்டு கன்னத்திலும் நம் கொடியை வரைந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மரம் வெட்டும் கை அது. விடுவதாகத் தெரியவில்லை.

தொடங்கிய வேகத்திலேயே நியூசிலாந்து ஒரு கோல் போட்டது. மலையே முனகியது. நான் எல்லாரையும்விடச் சத்தமாக முனகினேன்.

"மனசைத் தளர விடாத மச்சான்," என்றார் ரமோ.

பிறகு நம் பையன்கள் சுவராக நின்றார்கள். வெள்ளைக்காரர்கள் உதைத்ததையெல்லாம் நெஞ்சால் தடுத்தார்கள். அந்த வீரத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. படகை நினைத்து இன்னும் அதிகமாகக் கலங்கியது. திடீரென்று நம்மாள் ஒருவன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். உதைத்தான். பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது.

"ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

"ஐயோதான் மச்சான்! மயிரிழையில போச்சே!" என்று ரமோ என்னைக் கட்டிக்கொண்டார்.

நேரம் கரைந்தது. இன்னும் ஒரே ஒரு கோல்தான் வேண்டும். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் படகு கண்ணெதிரே ரமோவை ஏற்றிக்கொண்டு போனது. கடைசியாக நியூசிலாந்துக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. நெட்டையன் ஒருவன் தலையால் முட்டினான். வலை குலுங்கியது.

மலைச்சரிவு முழுக்க மூச்சுப் பேச்சில்லை. பாக்குச் சாறு வழிய ஆயிரம் வாய்கள் திறந்தபடி நின்றன. அந்த நிசப்தத்தில் ஒரே ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தரையிலிருந்து ஒரு முழம் எம்பி, "கோஓஓல்!" என்று கத்தினான்.

நான்தான்.

கீழே வந்து சேர வெகு நேரம் ஆனதுபோல் இருந்தது.

"மச்சான்," என்றார் ரமோ. "எதுக்குக் கையைத் தூக்கினே?"

"மரத்துப் போச்சு மச்சான். உதறினேன்."

"வாயும் மரத்துப் போச்சா?"

அவர் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வந்ததும் பையைக் கட்டினார். அக்கம்பக்கமெல்லாம் வாசலில் கூடிவிட்டது.

"சொந்த நாடு தோத்ததுக்குக் குதிக்கிறவன் வீட்டுல எனக்குச் சோறு இறங்காது," என்றார்.

அரை நிமிஷம், அரையே நிமிஷம், நான் சொர்க்கத்தில் இருந்தேன். பந்தயமும் ஜெயித்தாயிற்று, ஆளும் கிளம்பியாயிற்று. டோர்கஸ் என்னை ஓரமாக இழுத்தாள்.

"அண்ணன் இப்படி மனசு நொந்து ஊருக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா? எங்க ஆளுங்க நாப்பது பேர் ஈடு கேட்டு வருவாங்க. படகும் பத்தாது, பன்னியும் பத்தாது."

"நான்தானே ஜெயிச்சேன்!"

"யாரு இல்லேன்னது? அதோ, அண்ணன் பையோட நிக்கிறார். போகட்டுமா, இருக்கட்டுமா? உங்க இஷ்டம்."

ஊர் பார்க்க நான் போய் ரமோவின் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதீங்க மச்சான்."

"எதுக்கு?"

"நீங்க இல்லேன்னா வீடு வீடா இருக்காது."

"கட்டில்?"

"உங்களுதுதான்."

ரமோ யோசித்தார். "தம்பிங்க இல்லாம எனக்குப் பொழுது போகாதே."

டோர்கஸ் என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். நான் போனை எடுத்தேன். நடுத் தம்பி முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"மாப்பிள்ளை, ரெண்டு பேரும் அடுத்த கப்பலுக்கே கிளம்பி வந்துடுங்க," என்றேன்.

"கப்பல்லதான் இருக்கோம் அத்தான். அக்கா போன வாரமே திரும்பி வர டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டாங்களே!"