கடல் தெரியும் அறையில் ஈர வேட்டிகள்

காரைக்குடிப் பக்கத்தில் ஒருவர் கடலுக்குப் போகவேண்டுமென்றால் முதலில் அவர் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து அலையைப் பார்க்கப் போகலாம் என்று நம்பியவர்கள் நானும் வள்ளியும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

வள்ளி என் பள்ளித் தோழி. கல்யாணமாகி எனக்கு அடுத்த தெருவுக்கே வந்தவள். ஐப்பசி பிறந்ததும் பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூருக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகவிருந்தாள். (இனி அவன் கல்லூரி முடித்தால்தான் திரும்புவாள்.) அதற்குள் ஒரே ஒருமுறை, நாங்கள் இருவர் மட்டும் தேவிபட்டினத்தில் இரண்டு நாள் தங்குவது என்று முடிவு செய்தோம். கடல் தெரியும் அறை. வறுத்த மீன். (புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது, வெளியூர் போவதே அதற்குத்தான்.) மாவு ஆட்டியாச்சா என்று யாரும் கேட்காத ஒரு காலை.

திட்டம் என்னுடையது. நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள், நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள். அடைமழைக்கு முன்பாகப் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வானிலை, விடுமுறை, சாலை எல்லாம் விசாரித்தேன். அமாவாசையை மட்டும் பார்க்கவில்லை. அதுவும் மகாளய அமாவாசை! சமையலறை நாள்காட்டியில் கறுப்பு வட்டமாகப் போட்டிருந்தது. என் டைரியில் ஆங்கிலத் தேதி மட்டும்தான்.

விடுதிக்காரர் தொலைபேசியில், "எத்தனை பேரு வாரீக? அய்யருக்குச் சொல்லிரவா?" என்று கேட்டபோதாவது மூளை விழித்திருக்க வேண்டும். சமையலுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "அய்யர் வேணாங்க, மீன் பொரிச்சுக் குடுத்தாப் போதும்" என்றேன். "மீனா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

வள்ளியிடம், "யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவள் மாமியாரிடம் போய், "சனிக்கிழமை அமுதாவோட தேவிபட்டினம் போயிட்டு வாரேன் அத்தை" என்றிருக்கிறாள். அந்த அம்மாள் நாள்காட்டியைப் பார்த்திருக்கிறார். "செத்த மாமனாரு நெனப்பு மருமவளுக்குத்தான்டி வந்துருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை விடியலில் நான் காருக்குக் காத்து நின்றேன். வந்தது வேன். வேன் நிறைய ஆட்கள்.

"என்னத்தா இம்புட்டுச் சின்னப் பையோட நிக்கிற? எள்ளு எங்க, பச்சரிசி எங்க?" என்றார் வள்ளியின் மாமியார்.

"நாங்க சும்மா கடலப் பாக்கத்தான்..."

"கடல்ல பாக்க என்ன இருக்கு? தண்ணிதான கெடக்கு. ஏறு, அங்குட்டுத் தள்ளி உக்காரு."

கடைசி இருக்கையில் என் கணவரின் மானகிரிச் சித்தப்பாவும் இருந்தார். "ஊருக்காக ரூம் போட்டு வச்சிருக்கு பாருங்க, அதான் நம்ம வீட்டு மருமக" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். வள்ளி மடியில் ஒரு பூசணிக்காயை அணைத்தபடி, என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்.

அறையில் உண்மையாகவே கடல் தெரியும்படி ஒரு பால்கனி இருந்தது. கடலில் முழுகி வந்தவர்கள் அதில் ஈர வேட்டிகளைக் காயப்போட்டார்கள். நான் ஒரு வேட்டியை விலக்கினேன். அதற்குப் பின்னால் இன்னொரு வேட்டி. மதியம் வாழைக்காய்ப் பொரியலும் பூசணிக்காய்க் கூட்டும். மீன் என்ற சொல்லைக்கூட நான் வாயில் எடுக்கவில்லை.

சாப்பிட்ட கையோடு வள்ளியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டா என்னடி?"

"கேட்டாக, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா! ஒரே ஒரு பொய்! அடுத்த வாரம் நீ பாட்டுக்குப் போயிருவ. அப்பறம் நான் யாருகூட..."

எனக்குக் கோபம் தலைக்கேறினால் கண்ணில் தண்ணீர்தான் கொட்டும், அன்றும் கொட்டியது. என்னைப் பார்த்து அவளும் அழத் தொடங்கினாள். எங்கிருந்தோ அவள் மாமியார் ஓடி வந்து இருவரையும் கட்டிக்கொண்டார். "அழுதுருங்க தாயி. போனவுகளுக்கு அதுதான் போய்ச் சேரும்."

இதைப் பார்த்தாள் வேனில் கூட வந்திருந்த வள்ளியின் நாத்தனார். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் கொத்தமங்கலம். என் அப்பா இருப்பதும் அங்கேதான். இந்த அழுகை என் அப்பாவுக்குத்தான் என்று அவளாகவே முடிவு செய்து, உடனே அவர் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அய்யா எப்பத் தவறுனாக? எங்களுக்குத் தாக்கல், சேதி எதுவுமே வரலயே?"

போனை எடுத்தவர் என் அப்பா. "எனக்கும் வரல தாயி" என்றாராம்.

சாயங்காலமே எல்லோரையும் வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், எங்களையும் சேர்த்து. அடுத்த வாரம் வள்ளி பெங்களூருக்குப் போனாள்.

அன்றிலிருந்து மகாளய அமாவாசைக்கு வேன் பிடிப்பதும் அறை போடுவதும் என் பொறுப்பு. (பொறுப்பான பிள்ளையாம்.) மாமனார் திதி என்று சொல்லிக்கொண்டு வள்ளியும் பெங்களூரிலிருந்து வந்துவிடுகிறாள்; மகள் வீட்டில் விடுப்புக் கிடைக்க அது ஒன்றுதான் வழி. வேட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறோம். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டால் அப்புறம் அங்கே என்ன பேசுவது?

வேன் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக அப்பா போன் செய்வார்.

"இந்த வருசமும் எனக்கு இல்லையே தாயி?"