நாகூருக்கு ஜூட்

துரைராசுவுக்கு ஞானம் பிறந்தது மகள் சுடர்விழியால்தான். சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தவளிடம், "என்னம்மா, ஆபீசெல்லாம் ஜோரா, இல்ல பேஜாரா?" என்று கேட்டுவைத்தார்.

"ஐயோ அப்பா! இதெல்லாம் இப்ப யாருக்குப்பா புரியும்? ஒரே க்ரிஞ்ச்! அம்மாகிட்ட போனைக் குடுங்க."

வேறு அப்பாவாக இருந்தால் மனம் ஒடிந்திருப்பார். துரைராசு துள்ளிக் குதித்தார். யாருக்கும் புரியாதாமே! அப்படியென்றால் இது பழைய பாஷை இல்லை, ரகசிய பாஷை!

ரகசியம் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடியில் பெரியப்பா மகன் அண்ணாதுரையின் புதுமனை புகுவிழா. அண்ணாதுரை பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். ஆனால் ஐரோப்பா டூர் போய் வந்ததிலிருந்து, கையில் சிக்கியவரை டிவி முன்னால் உட்கார வைத்து ஒவ்வொரு போட்டோவாக விளக்குவார். போன தீபாவளிக்கு ஒரே பாலத்தை எல்லாத் திசையிலிருந்தும் பார்த்துவிட்டு வந்த துரைராசுவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

ஆனாலும் சொந்த பந்தம். கீழ்வேளூர் வீட்டிலிருந்து ஒரு தலையாவது போய்த்தான் ஆக வேண்டும். அந்தத் தலை மனைவி வானதியுடையது என்று துரைராசு தீர்மானித்தார்.

"வானதி, ஞாயித்துக்கிழமை நடவு ஆளுங்க வர்றாங்க. நான் வயல்ல நிக்கணும். நீ மட்டும் போய்ட்டு வந்துடேன்."

"போன வாரந்தானே நட்டு முடிச்சோம்?"

"அங்கங்க பயிர் அழுகிப்போச்சு. திரும்ப நடணும்."

"சரிங்க" என்றாள் வானதி.

இவ்வளவு சுலபமா! உடனே கல்லூரிக் காலத்துக் கூட்டாளி ஐயாவுவுக்குப் போன் போட்டார். ஒளிந்து பேசவில்லை. அடுப்படி வாசலிலேயே நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார்.

"மாப்ள! ஞாயித்துக்கிழமை பிளேடு பார்ட்டிகிட்ட வீட்டம்மா மாட்டுது. நான் அம்பேல்! ஒம்போது மணிக்கு மாமூல் ஸ்பாட்டுக்கு வண்டியோட வந்துடு. கடலோரமா ஜூட் விட்டு, தம் போட்டதை ஒரு வெட்டு வெட்டுவோம்."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வானதி நிமிர்ந்தாள்.

"யாருக்குங்க பிளேடு? பீரோ மேல ஒரு பாக்கெட் கெடக்கே."

"அது... ஐயாவு ஷேவ் பண்ணணுமாம்."

"தம்முன்னு வேற காதுல விழுந்துச்சே. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"தம் கட்டுறதும்மா! மூச்சுப் பயிற்சி. ரெண்டு பேரும் பண்ணப் போறோம்."

"நல்லதுங்க. உடம்புக்கு ஆகும்."

துரைராசுவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பாவம், ஒன்றும் தெரியாத ஜீவன்!

சாயங்காலம் அந்த ஜீவன் ஐயாவுவின் மனைவி அம்சத்துக்குப் போன் போட்டது. அதுவும் துரைராசுவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து.

"கஅம்கசம்! கசாகவிகய கஎகடுத்கதுக்கக. கநாகம கபோகவோம்!"

துரைராசு பேப்பரைத் தாழ்த்தினார். "அம்சத்தோட பேரனைக் கொஞ்சுறியா?"

"ஆமாங்க. சமத்துப் புள்ள. சொன்னது சொன்னபடி கேக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை வானதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். துரைராசு வாசல்வரை வந்து வழியனுப்பினார். பிறகு மடிப்புக் கலையாத சட்டையை மாட்டி, சென்ட் அடித்து, ஐயாவுவும் அவரும் தினமும் அரட்டை அடிக்கும் மதகடிக்குப் போய் நின்றார். தம் பிரியாணி வாசம் நாகூரிலிருந்து இங்கேயே வருவதுபோல இருந்தது.

வந்தது கார். ஓட்டி வந்தது அண்ணாதுரையின் மகன் இனியவன்.

"ஏறுங்க சித்தப்பா. இந்நேரம் மதகடியில நிப்பீங்கன்னு சித்தி கரெக்டா சொன்னாங்க."

"எனக்கு... நடவு..."

"அதைத்தான் சித்தி பாத்துக்குறாங்களாமே! 'அண்ணன் வீட்டுக்கு நான்தான் போவேன்னு இவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு'ன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. அப்பா கண் கலங்கிட்டாரு."

பின்னால் ஹாரன் சத்தம். ஐயாவுவின் ஸ்கூட்டர். ஆனால் ஓட்டி வந்தவள் அம்சம். பின்சீட்டில் பட்டுப்புடவை.

"ஐயாவு எங்க?" துரைராசு ஸ்கூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வண்டிச் சாவிய எங்கிட்ட விட்டுட்டு, பேரனைப் பாத்துக்குறாரு அண்ணே" என்றாள் அம்சம்.

வானதி இறங்கி வந்து அவர் காதருகே குனிந்தாள். "பிளேடு பார்ட்டிகிட்ட மாட்டுனது நீங்க. நாங்க நாகூருக்கு ஜூட்!"

"ஒனக்கு எப்புடி இந்த பாஷை..."

"மன்னார்குடியில உங்க காலேஜுக்கு எதிர்ல டைப்ரைட்டிங் கிளாஸ் போனவ நான். பஸ் ஸ்டாப்புல நீங்க ரெண்டு பேரும் பேசுனது அத்தனையும் தெரியும். என்னைப் பாத்து 'சுமாரான ஃபிகருடா மாப்ள'ன்னது உள்பட."

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட?"

"ரகசியத்தைக்கூட ஊருக்கே கேக்குறாப்புல பேசுற ஆளு. இவரால எதையும் மறைக்க முடியாதுன்னு நம்பிக் கட்டிக்கிட்டேன்."

ஸ்கூட்டர் கிழக்கே பறந்தது.

தரங்கம்பாடியில் அண்ணாதுரை தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம் என்று பந்தி முடிந்தது. கை கழுவிவிட்டுத் திரும்பிய துரைராசுவின் தோளில் கை போட்டு, நேரே டிவி முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். ஒரு போட்டோ வந்தது. இன்னொன்று வந்தது. வெயில் சாய்ந்தது. இன்னும் வந்துகொண்டிருந்தது.

துரைராசு மெல்ல எழுந்தார். "அண்ணே, கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்..."

"பஸ்ஸா?" அண்ணாதுரை அன்போடு அவரைப் பிடித்து அமுக்கினார். "நீ புதன்கிழமை வரைக்கும் இங்கதான் தங்கப் போறேன்னு வானதி சொல்லிடுச்சே. எதுக்குத் தம்பி அவசரம்? நாம இன்னும் சென்னை ஏர்போர்ட்டையே தாண்டல."