திருப்திக் கடிதம்

அவள் கொடுத்த புகாருக்கு அவளே பதில் எழுத வேண்டும் என்று அவள் மேசைக்கே வந்து நின்றது கோப்பு. கல்வி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் படிக்கும் அரசுப் பள்ளியில், பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கு நான்கு வருடமாகக் கதவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கி அடக்கி, பத்து வயதுப் பெண்ணுக்கு இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று. "இன்னொரு தடவை வந்தா கிட்னியே கெட்டுப்போகும்" என்று டாக்டர் திட்டி அனுப்பினார். அதனால்தான் ஒரு தாயாகக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு எழுதினாள். ஆணையம் அமைச்சகத்துக்குத் தள்ளியது. அமைச்சகம் துறைக்கு, துறை அலுவலகத்துக்கு. அதற்குக் கீழே தள்ள ஆளில்லாத இடம் இவள் மேசை.

"நல்லதாப் போச்சும்மா! 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது'ன்னு ஒரு வரி எழுதிடு" என்றார் கண்காணிப்பாளர்.

"நாலு வருஷமா அதைத்தானே சார் எழுதிட்டிருக்கோம்!"

'ஒரு மண்ணும் நடக்கவில்லை' என்று எழுதி நீட்டினாள். வழக்கம்போல அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் ஆணையத்திலிருந்து சூடாகக் கடிதம். புகார்தாரரின் திருப்திக் கடிதம் வராமல் கோப்பை மூட முடியாதாம்.

கண்காணிப்பாளர் கடிதத்தோடு அவள் மேசைக்கு ஓடி வந்தார். "உன் கையெழுத்துதானேம்மா, போட்டுடு. என் பதவி உயர்வு போயிடும்!"

"கதவு வரட்டும் சார்."

"கதவுக்கு நிதி இல்லையே!"

"என் பொண்ணுக்கு மாத்து கிட்னியும் இல்லையே!"

'திருப்தி இல்லை' என்று எழுதி அனுப்பினாள். நேரிலேயே வருகிறோம் என்றது ஆணையம். அவ்வளவுதான், இல்லாத நிதி எங்கிருந்தோ குதித்தது. இரண்டே நாளில் கதவு, டைல்ஸ், குழாய், கண்ணாடி, வாசலில் பூந்தொட்டி வேறு. வெட்கங்கெட்டவர்கள், இரண்டு நாள் வேலைக்கு நான்கு வருடம்!

ஆணையத்தார் வந்தார்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கைகுலுக்கினார்கள். அவளும் கண்ணால் பார்த்துவிட்டு 'முழுத் திருப்தி' என்று கையெழுத்துப் போட்டாள். கோப்பு மூடப்பட்டது.

சாயங்காலம் மகள் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே அம்மா கேட்டாள். "புதுக் கழிப்பறைக்குப் போனியாடி?"

பையை வீசிவிட்டு, வீட்டுக் கழிப்பறையை நோக்கி ஓடிக்கொண்டே மகள் கத்தினாள்: "அவங்க கார் கிளம்பினதும் டீச்சர் பூட்டிட்டாங்கம்மா! அடுத்த தடவை பார்க்க வர்றவங்களுக்கு அது புதுசாவே இருக்கணுமாம்!"