மூன்று பெட்டிக்காரர்

வீட்டிலேயே சர்வர் கட்டி வைத்திருப்பவர் என்று ஒரு ரக மனிதர் உண்டு. பார்க்கச் சாதுவாக இருப்பார். வாடகையை ஒழுங்காகக் கொடுப்பார், லிஃப்டில் உங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை நம்பி அவர் வீட்டுக்குள் போய்விடாதீர்கள். போனீர்களோ, உட்காரச் சொல்வதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து காட்டுவார்.

அந்த அலமாரியில் ஒரு காலத்தில் போர்வை, தலையணை உறை, மழைக்கோட்டு என்று குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்தன. இப்போது போர்வைகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. மழைக்கோட்டு எங்கே என்று மழை வரும்போதுதான் தேடுவார்கள். அலமாரிக்குள் கருகருவென்று மூன்று பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி வரிசையாக ஹார்ட் டிஸ்க்குகள், நீலமும் மஞ்சளுமாக ஒயர்கள், கண்சிமிட்டும் விளக்குகள், ஓயாமல் சுற்றும் விசிறிகள். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அதுவும் கம்ப்யூட்டர்தான், திரை கிடையாது, அணைக்கிற வழக்கமும் கிடையாது. வீட்டிலுள்ளவர்களின் படங்களையும் பத்திரங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கொடுக்கும் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

என் எதிர் வீட்டுக்காரர் இந்த ரகத்தில் அசல் சரக்கு. எங்கள் கட்டடத்தில் அவருக்கு ‘டேட்டா சென்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் காதுக்கும் அது எட்டியிருக்கிறது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

சில மாதங்களுக்கு முன்னால் அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, வீடு முழுக்க ஃபைபர் இழுத்தார். வாடகை வீட்டுச் சுவரில் துளை போட்டு, துளை தெரியாமலிருக்கக் காலண்டர் மாட்டி, அந்தக் காலண்டர் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஏன் தொங்குகிறது என்று வீட்டு உரிமையாளர் கேட்டபோது ஒரு கதையும் சொல்லிச் சமாளித்தார்.

“இனிமே உங்க வீட்ல இன்டர்நெட் பறக்கும்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது வெளியிலேர்ந்து வர்றது சார். அது பழையபடிதான் இருக்கும். இது வீட்டுக்குள்ள! அந்த ரூமுக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல செகண்டுக்குப் பத்து கிகாபிட்!”

“அந்த ரூம்லேர்ந்து இந்த ரூமுக்கு என்ன சார் அனுப்பப் போறீங்க?”

“எதை வேணும்னாலும் அனுப்பலாமே!”

அனுப்பியும் காட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் ஒரு மலையளவு ஃபைல் அடுத்த அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபைலில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லையாம். வேகத்தைச் சோதிப்பதற்கென்றே உண்டாக்கிய வெறும் ஃபைலாம். தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு அதை அனுப்பிப் பார்ப்பாராம். மனுஷனுக்கு எதில்தான் ஆனந்தம் என்று கணக்கா வைக்க முடியும்?

இந்த ரகத்தின் வாயிலிருந்து அடிக்கடி வருகிற வாக்கியம், “ஒரே ஒரு நிமிஷம் நெட் போகும்” என்பது. அதைக் கேட்டதும் அவர் மகள் கதைப்புத்தகத்தோடு பால்கனிக்குப் போய்விடுவாள், அவர் மனைவி பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். இருவருக்கும் அந்த நிமிஷத்தின் நீளம் தெரியும். அடுத்து வருவது, “ஒரு இடத்துல மட்டும் இருந்தா, அது இல்லாத மாதிரிதான்” என்பது. இதைத் துக்க வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். போனவரின் மகனைத் தனியாக அழைத்து, “அப்பா போட்டோ எல்லாத்துக்கும் பேக்கப் இருக்கில்ல?” என்று விசாரித்ததை நானே கேட்டேன். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

அவர் மனைவி டீச்சர். டீச்சருடைய அப்பா காலமானதும் அதே ஆறுதல் டீச்சர் பக்கமும் வந்தது. அந்தப் பெரியவருக்குப் போனில் எழுத வராது. பொத்தானை அழுத்திக்கொண்டு பேசி மகளுக்கு அனுப்புவார். “அம்மாடி, மழை வருமாம், குடை எடுத்துக்கிட்டியா?” “அம்மாடி, சும்மாதான். வேலையா இருந்தா அப்புறம் கேட்டுக்க.” இந்த மாதிரி துண்டுதுண்டாக நிறைய. டீச்சர் பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு அதைத்தான் கேட்பார். பெரியவரின் போனில் இருந்ததையெல்லாம் எப்போதோ அழித்து, அதை யாருக்கோ கொடுத்துவிட்டதால், அந்தக் குரல் இருந்த ஒரே இடம் டீச்சரின் கைப்பை.

நம்மவருக்கு இருப்புக் கொள்ளுமா?

“போன் ஒரு நாள் கீழ விழும், இல்ல பஸ்ல தொலையும். என்கிட்ட குடு, மூணு இடத்துல வெச்சுத் தர்றேன்.”

“வேணாங்க. என் கையில இருந்தா போதும்.”

“சொன்னாக் கேளு. மூணு பெட்டி! எது செத்தாலும் மிச்சம் ரெண்டு இருக்கும்.”

நச்சரிப்பு தாங்காமல் டீச்சர் கொடுத்தார். நம்மவர் எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றிய கையோடு, போனில் இடம் காலியாகட்டும் என்று அங்கிருந்து அழித்தும் விட்டார். அதற்குப் பிறகு டீச்சருக்குத் தன் அப்பா குரலைக் கேட்கவேண்டுமென்றால் கணவரிடம் மனுப்போட வேண்டும். “இப்ப டிஸ்க் மாத்திட்டிருக்கேன், சாயந்திரம் கேளு” என்பார். சாயந்திரம் வேறு ஏதாவது மாறிக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் டீச்சர் கேட்பதையே குறைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் நம்மவர் பெட்டிகளை ஒழுங்குபடுத்தப் புகுந்தார். ஒரு மூலையில் பொடிப்பொடியாகச் சில ஃபைல்கள். பெயர் கிடையாது, வெறும் எண்கள். அளவோ அவர் கண்ணுக்குத் தூசு. ஏதோ குப்பை என்று அழித்தார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். பழைய ஒயர் இருந்த காலத்தில் மூன்றாவது பெட்டிக்கு வாரம் ஒரு தடவைதான் நகல் போகும். அவ்வளவுதான் அதனால் முடியும். அந்தச் சோம்பேறிப் பெட்டியில் பெரியவர் ஒரு வாரமாவது பிழைத்திருந்திருப்பார். இப்போதுதான் பத்து கிகாபிட் ஆயிற்றே! முதல் பெட்டியில் அழிந்தது இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே மூச்சில் அழிந்தது. பழைய நிலைக்குத் திரும்பிப் போகிற வசதி ஒன்றும் இருந்தது. வேகம் குறைகிறதென்று அதை அவர் அணைத்து வைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து டீச்சருக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்னங்க, அப்பா குரல் கொஞ்சம் போடுங்களேன். அப்பாகிட்ட சொல்லணும்போல இருக்கு.”

நல்ல செய்தியை நம்மவர் வாயால் முன்பே கேட்டு, வாழ்த்துச் சொல்லப் போன நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன். நம்மவர் உற்சாகமாகத் தேடினார். பிறகு உற்சாகமில்லாமல் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் கேலி செய்யப்போவதில்லை.

மறுநாள், அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற கடைக்கு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இதுக்கு வேற காப்பி எங்கயாவது இருக்கா சார்?”

“மூணு இடத்துல இருந்துச்சு.”

“அப்புறம் என்ன கவலை?”

“மூணுலயும் போயிடுச்சு.”

கடைக்காரர் பொறுமைசாலி. “பரவாயில்ல, அழிச்சது உடனே போயிடாது. அது மேல வேற எதையும் எழுதாம இருந்தா எடுத்துடலாம். எதுவும் எழுதலையே?”

 நான்தான் சொன்னேன்: “தினமும் காலையில எழுதியிருக்காரு.”

“என்ன எழுதினாரு?”

“ஒண்ணுமில்லாத ஃபைல்.”

கடைக்காரர் பெட்டியை மெதுவாக எங்கள் பக்கம் தள்ளினார்.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நம்மவர் பிழைத்திருப்பார். “என் கையில இருந்தா போதும்னுதானேங்க சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார்.  வாழ்த்துச் சொல்ல வாங்கிப்போயிருந்த பேனா இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, கொடுக்க முகமில்லை.

நம்மவர் சில நாள் தலை காட்டவில்லை. போன வாரம் லிஃப்டில் பெரிய அட்டைப்பெட்டியோடு ஏறினார். என்ன என்று கேட்டேன்.

“நாலாவது பெட்டி சார். இதை வேற ஊர்ல வைக்கப் போறேன். இனிமே எதுவும் போகாது.”

“இதுல என்ன வைக்கப் போறீங்க?”

மாடி வந்துவிட்டது. எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். அந்த ஃபைல்கள் அழிந்த கதையைப் படித்தீர்களே, அப்போது உங்கள் புத்தி முதலில் எங்கே ஓடியது? செருப்போடு நின்ற டீச்சரிடம் ஓடியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் ஒரு வழக்குமில்லை. ‘பழைய நிலைக்குப் போகிற வசதியை எவனாவது அணைப்பானா? மூன்றாவது பெட்டியை அல்லவா தனியாகக் கழற்றி வைத்திருக்கவேண்டும்! இதெல்லாம் என் வீட்டில் நடக்காது’ என்று ஓடியதா? ஓடியதுதானே? அப்படியானால் உங்கள் வீட்டிலும் யாரோ எதையோ உங்களை நம்பிக் கொடுத்துவிட்டு, கேட்டு அலுத்து, கேட்பதை நிறுத்தியிருப்பார்கள். எழுந்து போய் அது என்னவென்று அவர்களிடம் கேளுங்கள். உங்களுக்கே நினைவில்லை, பாருங்கள்.