துணைவேந்தர் குறை கேட்டார்

அந்த மின்னஞ்சலுக்கு நான் பதில் எழுதியபோது ஆரணி பிரௌசிங் சென்டரில் உடன் இருந்தவர்கள்: என் அப்பா, தாய்மாமன் ஏழுமலை, நேரமாகிறதென்று எட்டி எட்டிப் பார்த்த கடைக்காரர். இல்லாதவர்: எங்கள் பல்கலைக்கழக அலுவலகக் கண்காணிப்பாளர் சாரதா மேடம். அவர் மட்டும் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்திருப்பார்.

ஆண்டு இரண்டாயிரத்துச் சொச்சம். வீட்டில் முதல்முதலாகக் காலேஜைப் பார்த்தவன் நான்; பல்கலைக்கழக அலுவலகத்தில் தற்காலிக உதவியாளர். அந்த மாதம் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. (வீட்டில் பெண் பார்ப்பதும் அதற்காகவே காத்திருந்தது.) ஆடிக் கிருத்திகைக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன்.

துணைவேந்தர் ஊழியர்கள் எல்லோருக்கும் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில், வெண்ணெய் தடவிய மாதிரி: "நிர்வாகத்தில் காணும் குறைகளைத் தயங்காமல் தெரிவித்தால் மகிழ்வேன்."

தமிழில் சொன்னதும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"எம்மாம் பெரிய மனுசன், உன்னாண்ட குறை கேட்டுகினு கீறாரு! ஜல்தி எழுது மாப்ளே!"

"ஒண்ணு ரெண்டு எழுதினா போதாதா மாமா?"

அப்பா குறுக்கிட்டார். "டேய், பொடவையப் பிரிச்சுப் பாத்துட்டுக் கம்முனு மடிச்சு வெச்சா இன்னா அர்த்தம்? வாங்கப் போறதில்லன்னு அர்த்தம். வெளிச்சத்துல புடிச்சு, இங்க இழை தப்பிகீது, அங்க சாயம் கம்மின்னு சொல்றவன்தான் வாங்குவான். அதான்டா மரியாத."

நெய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது போதாதா? துணைவேந்தரை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் மேசையில் தூங்கும் கோப்புகள், கூட்டத்துக்கு அவரே தாமதமாக வருவது, அவர் மச்சான் நடத்தும் கேன்டீன். ஒன்றையும் விடவில்லை. (சாம்பாருக்கு மட்டும் தனிப் பத்தி.)

மறுநாளே பதில் வந்தது. "உங்கள் வெளிப்படையான கருத்துகளைப் பெரிதும் மதிக்கிறேன். உங்கள் திறமையை மேலும் முழுமையாகப் பயன்படுத்த ஆவன செய்யப்படும்."

"வேல பெர்மனன்ட்டு!" என்று மாமா கத்தினார். அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

லீவு முடிந்ததும் சாரதா மேடத்திடம் பிரிண்ட் அவுட்டைப் பெருமையாக நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தா நீ பொழைச்சிருப்பே. பெரிதும் மதிக்கிறேன்னு எழுதிட்டாரே, மூட்டையைக் கட்டு."

அந்த வாரமே உத்தரவு வந்தது. என் திறமை முழுமையாகத் தேவைப்பட்ட இடம், படவேட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு கல்வி மையம். பஸ் எப்போதாவது வரும். மாணவர் அதுகூட இல்லை. வருடக் கடைசியில் மையத்தை மூடினார்கள். தற்காலிகமானவன் என்பதால் என்னையும் சேர்த்து.

இன்றும் எங்கள் உறவில் யாருக்காவது வேலை போனால், "தெறமைய முழுசா யூஸ் பண்ணிகினாங்களா?" என்று மாமா கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் கணக்குச் சொல்வார்: லட்டுக்கு எண்ணூறு ரூபாய், அதோடு ஒரு நிரந்தர வேலை.