கியர் சைக்கிளில் ஒரு நேர்த்திக்கடன்

"தனியான்னா எத்தனை பேரு மாப்ள?" என்று கேட்டார் மாமனார் மலைச்சாமி.

முத்துக்குமரன் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"தனியான்னா தனியாதான் மாமா. நான் ஒருத்தன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஏழு பேரும் கையை நிறுத்தினார்கள். ஃபேன் ஓடும் சத்தம் அந்த வீட்டில் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவன் கேட்டது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. மில்லில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு, கியர் சைக்கிளில் வருசநாட்டு மலைப் பக்கம் போய், ஒரு பாறையடியில் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டுத் திரும்பி வருவது. அவ்வளவுதான். சைக்கிள் சொந்தம். ராஜபாளையத்தில் ஒரு ராஜு வீட்டுப் பையன் படிக்க வெளியூர் போனபோது பாதி விலைக்கு விட்டுப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் நூற்பாலைக்கு அதில்தான் வேலைக்குப் போய் வருகிறான். கூடாரம், கூட வேலை பார்க்கும் பெலிக்ஸிடம் இரவல். சாப்பாட்டுக்கு அவல், கடலை மிட்டாய், வாழைப்பழம். மில் கேண்டீனில் ஒரு வருசமாக வடையைத் தியாகம் செய்து மூவாயிரம் ரூபாய் சேர்த்திருந்தான். வழி, செலவு, எந்த ஊரில் தண்ணீர் பிடிப்பது என்பதுவரை ஒரு தாளில் எழுதி, அதை டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்து மாதக்கணக்கில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துக்குமரன் வீட்டோடு மாப்பிள்ளை. பதினாலு வருசமாக மாமனார் வீட்டில் இருக்கிறான். மனைவி மாரிச்செல்வி, இரண்டு மகள்கள், மாமனார், மாமியார், மாமியாரின் தங்கை, மச்சினன் பாண்டிதுரை, பிறகு இவன். எட்டுப் பேருக்கு ஒரே குளியலறை. மில்லில் மெஷின் இரைச்சல், வீட்டில் மனித இரைச்சல். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட வேப்பிலையை விசிறிக்கொண்டு முறை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கொடுமை. யாரும் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடாத மூன்று நாள் வேண்டும். நாற்பது வயதில் அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

"பட்டாளத்துலகூட ஒத்தையா அனுப்ப மாட்டான் மாப்ள, ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்புவான்" என்றார் மலைச்சாமி. அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் அந்தத் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை.

மாரிச்செல்வி அதற்கு மேல் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மாமியாரின் தங்கை முற்றத்தில் நின்று யாருக்கோ மெதுவாக போன் பேசினாள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் முதல் பஸ்ஸில் சுந்தரபாண்டியத்திலிருந்து பெரிய மாமா வந்து இறங்கிவிட்டார். வந்தவர் காபி குடித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு வீட்டில் என்ன மனக்குறை என்று நேராகவே கேட்டார். வேறு இடத்தில் தொடுப்பு ஏதும் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். மாரிச்செல்வி மூக்கை உறிஞ்சினாள்.

"நான் என்ன கொற வச்சேன்னு சொல்லிட்டுப் போங்க. அது போதும்" என்றாள்.

அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை எப்படி விளக்குவது என்று முத்துக்குமரனுக்குத் தெரியவில்லை. மலையில் சும்மா உட்காரப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு மனிதன் தனியாக, செலவில்லாமல், கஷ்டப்பட்டு ஓர் இடத்துக்குப் போவதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஒத்துக்கொள்வார்கள். அந்தக் காரணம் அவன் வாயில் தானாக வந்துவிட்டது.

"அது ஒரு வேண்டுதல் மாமா."

கூடத்தில் காற்றே மாறிவிட்டது. பெரிய மாமா காலை மடக்கி உட்கார்ந்தார்.

எதற்கு வேண்டுதல் என்று கேட்டார்கள். எதிரே பாண்டிதுரை ஃபேனுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் போனை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். துரைக்குப் போலீஸ் வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் என்றான் முத்துக்குமரன். எந்தச் சாமிக்கு என்றார்கள். தாளில் எழுதியிருந்த வழியில் கடைசி ஊருக்கு அப்பால் ஒத்தப்பாறைக் கருப்பசாமி கோயில் என்று மேப்பில் பார்த்த ஞாபகம். அதைச் சொன்னான்.

மாமியார் வெள்ளத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாரிச்செல்வி அவனைப் பார்த்த பார்வையில், கல்யாணமான முதல் மாதத்துக்குப் பிறகு அவன் காணாத ஒரு பிரியம் இருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த வாரமே கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

"அது சரி மாப்ள. வேலை கெடைச்ச பொறவுதான நேர்த்திக்கடனச் செலுத்தணும்? முன்னாடியே போய் நின்னா சாமி நம்மள என்ன நெனைக்கும்?" என்றார் மலைச்சாமி.

பெரிய மாமாவும் அதுதான் முறை என்றார்.

ஆக, முத்துக்குமரனின் மூன்று நாள் நிம்மதி பாண்டிதுரையின் காலில் போய் விழுந்தது. அந்தக் கால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாண்டிதுரை எழுத்துத் தேர்வில் சுலபமாகத் தேறிவிடுவான், மூளை உண்டு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில்தான் இரண்டு முறை கவிழ்ந்தான். ஏழு நிமிஷத்தில் முடிக்க வேண்டியதை முதல் தடவை ஒன்பது நிமிஷத்தில் முடித்தான். இரண்டாம் தடவை முடிக்கவே இல்லை, பாதியில் மைதானத்தை விட்டு வெளியேறிச் சர்பத் குடித்துக்கொண்டிருந்தான். இப்போது மூன்றாவது முறை. உடல் தகுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

மறுநாள் காலை நாலரை மணிக்கு முத்துக்குமரன் மச்சினனை எழுப்பினான். செண்பகத்தோப்பு ரோட்டில் அவன் முன்னால் ஓட, இவன் பின்னால் சைக்கிளில் பெல்லில்லாத குறைக்கு வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு போனான். முதல் நாள் முந்நூறு மீட்டரில் பாண்டிதுரை ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், வேண்டுதல் ஒங்களோடது. ஓடுறது நானு. அப்ப செலவு யாரோடது?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

எழுத்துத் தேர்வில் தேறுகிற மூளை அது. செலவு முத்துக்குமரனோடது என்று ஆயிற்று. ஓடுவதற்கு ஷூ வாங்கிக் கொடுத்தான். தினம் நாலு முட்டை வாங்கிக் கொடுத்தான். வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப். மூவாயிரம் ரூபாய் ஐந்தாவது வாரத்தோடு தீர்ந்துபோக, பெலிக்ஸிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. சிக்கனமான பயணம் என்று தாளின் தலைப்பில் எழுதி வைத்திருந்ததை இப்போதெல்லாம் அவன் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்கிடையில் வேண்டுதல்காரனுக்கு விரதம் உண்டல்லவா? வீட்டில் அவனுக்குக் கறி மீன் நிறுத்தப்பட்டது. கட்டில் போய்ப் பாய் வந்தது. மச்சினன் எதிரே உட்கார்ந்து எலும்பை உறிஞ்ச, இவன் ரசத்தை உறிஞ்சினான். தெருவில் வயதானவர்கள்கூட அவனுக்கு வழிவிட்டு நின்றார்கள். பாண்டிதுரைக்காக அத்தான் உருகுகிறார் என்று பேச்சு கான்சாபுரம்வரை போய்விட்டது. அங்கிருந்து ஒரு சித்தி வந்து, பிள்ளைகளை அவன் காலில் விழ வைத்துக் கூட்டிப்போனாள்.

மலைச்சாமி தன் பங்குக்கு ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். நேர்த்திக்கடனுக்குப் போகிற வண்டி மொட்டையாக இருக்கலாமா? கேரியர், ஸ்டாண்டு, முன்னால் கூடை, பெல், இரண்டு மட்கார்டு, முன் மட்கார்டில் கருப்பசாமி துணை, பின் மட்கார்டில் மச்சினன் போலீஸ் வேலைக்கு நேர்த்திக்கடன். இருபத்தோரு கியர் சைக்கிள் பால்காரர் சைக்கிளாகத் திரும்பி வந்தது. முத்துக்குமரன் அதைத் தூக்கிப் பார்த்தான். தூக்க முடியவில்லை. நல்லா இருக்கு மாமா என்றான்.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு அதிசயம் நடந்தது. பாண்டிதுரை ஓடக் கற்றுக்கொண்டான். தேர்வன்று ஆறு நிமிஷம் நாற்பத்தெட்டு வினாடி. கொஞ்ச நாளில் பட்டியல் வந்தது, அதில் அவன் பேரும் வந்தது. மாமியார் வெள்ளத்தாய் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். மலைச்சாமி பட்டாளத்திலிருந்து வந்த பிறகு முதல் முறையாக அழுதார். முத்துக்குமரனும் அழுதான். எல்லோரும் மச்சினன் மேல் உள்ள பாசம் என்று நினைத்தார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி, தாளில் எழுதி வைத்த அந்தப் பாறை.

அன்று சாயங்காலமே வீட்டில் கூட்டம் போட்டார்கள்.

சுந்தரபாண்டியத்துப் பெரிய மாமா தன் லோடு வேனைக் கொண்டுவருவதாகச் சொன்னார். கான்சாபுரம் சித்தி ஒரு கிடாய் தருவதாகச் சொன்னாள். பொங்கலுக்கு வெண்கலப் பானை, சமையலுக்கு ஆள், மேளம் ஒரு செட்டு. மலைச்சாமி நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்ததில் முப்பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒரு வேன் பத்தாது, இரண்டு வேண்டும்.

"நீங்க முன்னாடி சைக்கிள்ல போங்க. நாங்க பின்னாடியே மெதுவா வாரோம். ஒங்களத் தனியா விட்ருவமா?" என்றாள் மாரிச்செல்வி, அவ்வளவு ஆசையாக.

முத்துக்குமரன் மாமனாரின் நோட்டை எட்டிப் பார்த்தான். இத்தனை முட்டை, இத்தனை ரசம், இத்தனை விடியற்காலை. எல்லாம் முப்பத்தொன்பது பேரோடு மேளச் சத்தத்தில் போய் நிற்பதற்கா? கேட்டவர்களுக்குச் சத்தியமாகப் படும்படி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மாமா, நான் இதச் சொல்லப்படாதுன்னு இருந்தேன். ஒத்தையா வாரேன், பேசாம வாரேன்னு சாமிட்டச் சொல்லியிருக்கேன். மூணு நாளும் மௌனம். போனும் கெடையாது."

மலைச்சாமி எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு மாமனார் அந்த மரியாதை செய்து அந்தத் தெரு பார்த்ததில்லை. வேன், கிடாய், மேளம் எல்லாம் ஒரே கோட்டில் அடிபட்டன. முத்துக்குமரன் தலையைக் குனிந்துகொண்டான். இல்லாவிட்டால் சிரித்துவிடுவான்.

ஆனால் கூடப் போக முடியாதவர்கள் காணிக்கையையாவது கொடுத்துவிட வேண்டுமல்லவா? கிளம்புகிற அன்று அதிகாலையில் வாசலில் வரிசை நின்றது. மஞ்சத்துணியில் முடிந்த காசு, ஒரு மூட்டை அரிசி, ஒன்பது தேங்காய், வெண்கல மணி ஒன்று, கருப்பசாமிக்கென்று அடித்து வைத்த அரிவாள் மூன்று. எல்லாவற்றையும் கேரியரில் கட்டியபோது கூடாரத்துக்கு இடமில்லை. அதை வீட்டிலேயே விட்டான். மௌனம் ஆரம்பித்துவிட்டதால் எதுவும் சொல்லவும் முடியவில்லை.

ஆனாலும் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிய பிறகு, ரோட்டில் அவனும் புளியமரங்களும் மட்டும் என்று ஆனபோது, நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. வழியில் ஒரு செக்போஸ்டில் அரிவாளைப் பார்த்து நிறுத்தினார்கள். ஏட்டு மட்கார்டைப் படித்துவிட்டு, தன் கணக்கில் இருபது ரூபாயைக் காணிக்கையில் சேர்த்து அனுப்பினார். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினான். இறக்கத்தில் தேங்காய்கள் உருளப் பறந்தான். கணவாய் தாண்டி மலை முழுசாக எதிரே வந்தபோது யாருமில்லாத ரோட்டில் வாய்விட்டுச் சிரித்தான்.

பொழுது சாயும் நேரம் ஒத்தப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தான். ஒரு பாறை, ஒரு ஆலமரம், மரத்தடியில் நட்டு வைத்த அரிவாள்கள், தள்ளி ஓடு போட்ட ஓர் அறை. பக்கத்தில் ஊரில்லை. காற்று மட்டும் இருந்தது. முத்துக்குமரன் சைக்கிளைச் சாத்திவிட்டு அப்படியே பாறையில் சாய்ந்தான். இதற்காகத்தான் எல்லாம். ஒரு பொய் சொன்னதற்கு இவ்வளவு பாடு என்றாலும், இன்னொரு தடவையும் சொல்லலாம் என்று தோன்றியது.

அறையிலிருந்து பூசாரி இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல தெம்பான ஆள், முகத்தில் ஒரு கவலையில்லை. முத்துக்குமரன் பதறி எழுந்து, வாயில் விரலை வைத்து, பேச மாட்டேன் என்று சைகை காட்டினான். ஊருக்கு ஊர் சொந்தம் வைத்திருக்கிற குடும்பம், இவர் யாருக்கு என்ன உறவோ? அரிவாளைக் காட்டினான். அரிசியைக் காட்டினான். பிறகு மூன்று விரலைக் காட்டி, மூன்று நாள் மௌனம், இங்கேயே தங்கப் போகிறேன் என்று விளக்கினான்.

பூசாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிளைச் சுற்றி வந்து இரண்டு மட்கார்டையும் படித்தார். அரிசி மூட்டையை அவிழ்த்து இறக்கி வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் பாறையில் வந்து உட்கார்ந்தார்.

"வாயத் தொறந்து பேசுங்க தம்பி. நானும் மச்சினன் வேலைக்கு வேண்டுதல், மூணே நாள்ல வந்துருவேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தவன்தான், பதினோரு வருசமாச்சு."